வரப்பு முதலில், மரம் பிறகு
செம்மண் மேட்டுக் கொல்லைகளை மீட்கும் வழி

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் திருபுவனை, திருவாண்டார்கோயில் பகுதியைக் கடக்கும்போது இருபுறமும் நெல்லும் கரும்பும் தெரியும். ஏரியும் ஆழ்துளைக் கிணறும் தரும் பசுமை அது. சங்கராபரணி ஆற்றைத் தாண்டி வடக்கே திருவக்கரை, வடகிழக்கே பூத்துறை, வானூர் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். செம்மண் மேடு, சரளை, மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடைகள். மானாவாரியில் ஒரு போகம் மணிலா. இல்லாவிட்டால் சவுக்கு, முந்திரி. ‘இந்த மேட்டுக் கொல்லையில் வேறு என்ன வரும்?’ என்று அலுத்துக்கொண்டு, மனைப்பிரிவுக்கு விலை பேசுவோரும் உண்டு.

அந்தக் கேள்விக்கான பதில் வெளியூரில் இல்லை. இதே செம்மண்ணில், இதே மழையில், 50 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வேலையில் இருக்கிறது. பொட்டலாகக் கிடந்த மேடு காடாக மாறியிருக்கிறது. அதை அப்படியே நகலெடுக்க எந்த விவசாயியாலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் அங்கே வேலைகள் எந்த வரிசையில் நடந்தன என்பது நம் கொல்லைக்கும் பொருந்தும்.

மழைக்குக் குறைவில்லை

புதுச்சேரி வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 120 செ.மீ.க்கும் அதிகமாக மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடும். தை பிறந்த பிறகு ஆறு மாதம் வறட்சிதான். ஆக, இங்கே மழை குறைவு அல்ல. பெய்கிற மழை நிலத்தில் தங்குவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். 120 செ.மீ. என்றால் ஆண்டுக்கு 48 லட்சம் லிட்டர். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று மட்டும் ஒவ்வொரு ஏக்கரிலும் 18 லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்தது. வரப்பில்லாத மேட்டில் அந்தத் தண்ணீர் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது.

நட்டம் மேட்டோடு முடிவதில்லை. மேட்டில் அறுபட்ட மண்தான் கீழே ஏரியில் வண்டலாகவும் மணலாகவும் படிகிறது. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நிரம்பும் ஊசுடு ஏரி, தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் தண்ணீரால் நிரம்பும் பாகூர் ஏரி என எல்லா ஏரிகளின் கொள்ளளவும் மேட்டு நிலத்தின் பராமரிப்போடு சேர்ந்ததுதான். மேட்டில் தண்ணீர் இறங்காவிட்டால் கீழே ஆழ்துளைக் கிணறுகளும் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போகும். கடலோரக் கிராமங்களில் உப்புநீர் உள்ளே வரும். பாகூர் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

பொட்டல் காடானது

1968 பிப்ரவரி 28-ம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுப்பகுதி பெரும்பாலும் மரமற்ற செம்மண் வெளி. சில பனைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக வேம்பு, ஓரிரு ஆலமரங்கள். மழைக்காலத்தில் சிவப்பாக ஓடிய தண்ணீர், பள்ளத்தாக்குபோல ஓடைகளை அறுத்துக்கொண்டு கடலில் கலந்தது.

அங்கு வந்தவர்களும் சுற்றுக்கிராமத்துத் தொழிலாளர்களும் சேர்ந்து தொடக்கத்திலேயே கையில் எடுத்தது மண்வெட்டி வேலை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டார்கள். ஓடைகளில் மண்ணாலும் கல்லாலும் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். தாழ்வான இடங்களில் குட்டை வெட்டினார்கள். அந்தந்த வயலில் விழும் மழை அந்தந்த வயலிலேயே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மண்ணில் ஈரம் தங்கியதால்தான் நட்ட கன்றுகள் கோடையைத் தாண்டின. மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதும், ஆடு மாடு கடிக்காமல் முள்வேலி கட்டியதும் அடுத்தடுத்த வேலைகள்.

இரண்டாவது கட்டம், வேகமாக வளர்ந்து நிழலும் சருகும் தரும் மரங்கள். இதற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அகேசியா வகை ஒன்று பெரிய அளவில் நடப்பட்டது. அந்த மரங்களின் அடியில் சருகு சேர்ந்து, மண் மெல்லக் கறுத்தது. மூன்றாவது கட்டத்தில் அந்த நிழலில் நம் மண்ணின் மரங்கள் நடப்பட்டன. பறவைகள் எச்சமிட்டுத் தாமாக முளைத்தவையும் உண்டு. இப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டுள்ளதாக ஆரோவில் தரப்புக் கணக்கு சொல்கிறது.

இதே வரிசையை 1973-ல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டிலும் பார்க்கலாம். பூத்துறையில் 1994-ல் தொடங்கிய ஆரண்யா காடு சுமார் 100 ஏக்கர்; மண் அரித்துக் கிடந்த அந்த மேட்டிலும் தண்ணீரைத் தடுத்துத்தான் காடு வளர்க்கப்பட்டது. திருவாண்டார்கோயில் பக்கத்து விவசாயிகள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான்.

விதை இருந்த இடம்

மூன்றாவது கட்டத்துக்கான விதைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ஊர்க் கோயில் காடுகளிலிருந்து. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் மட்டுமே உள்ள அரிய காட்டு வகை இது. வறண்ட பசுமைமாறாக் காடு என்று வனத்துறையினர் சொல்வார்கள். ஆறு மாதம் மழையே இல்லாவிட்டாலும் இந்த மரங்கள் மொட்டையாகாது. இலை சிறியது, தடித்தது, வேர் ஆழமானது.

வீரை, காசா, உலக்கைப்பாலை, நெக்கொட்டை, இரும்புளி, கருங்காலி, நாவல், மகிழம், காட்டு எலுமிச்சை, புதராகக் களா. ஒரு காலத்தில் ஏர்க்கலப்பைக்கும் உலக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் வலுவான கட்டை கொடுத்தது இத்தகைய காடுகள்தான். இன்று எஞ்சியிருப்பவை துண்டு துண்டாகச் சில ஏக்கர்கள். அவையும் ஐயனார், அம்மன் பெயரால் பிழைத்தவை. சாமி காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடே காவலாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு இதற்குத் தெரிந்த உதாரணம். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்து 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் ஐயனார் கோயிலைச் சுற்றி நாலு பழைய மரம் நின்றால், அவைதான் உங்கள் நிலத்துக்கான விதைப் பண்ணை. வாகன நிறுத்தத்துக்கும் சிமென்ட் தளத்துக்கும் இடம் விட்டு அந்த மரங்களை இழந்தால் விதையை வேறெங்கும் விலைக்கு வாங்க முடியாது.

தானே புயல் காட்டிய வித்தியாசம்

2011 டிசம்பர் 30-ம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகம். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்க முடியாது. ஆரோவில்லிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. ஆனால் விழுந்தவற்றில் அதிகம், வேகமாக வளர்ந்த அந்த ஆஸ்திரேலிய அகேசியா. மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் கிளை ஒடிந்தாலும் பெரும்பாலும் நின்றன.

வேகமாக வளரும் மரம் மண்ணைத் தயார்செய்யும் வேலைக்காரன். நிரந்தரக் குடும்பம் நாட்டு மரங்கள்தான். கொல்லையில் ஒரே வகை மரத்தை நம்பியவருக்கு ஒரே இரவில் எல்லாம் போனது. பல வகை வைத்திருந்தவருக்கு மிச்சம் இருந்தது. சவுக்கு போடுபவர்களுக்கும் இது பொருந்தும். சவுக்கு கெட்ட மரம் அல்ல. வேர் முடிச்சில் தழைச்சத்தை நிலைநிறுத்தும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காசாகும். ஆனால் அறுவடையின்போது வேரோடு பிடுங்கி நிலத்தை மொட்டையாக்கி, அடுத்து வரும் பருவமழைக்குத் திறந்து விடுவதுதான் மேல்மண்ணுக்கு ஆபத்து. சுற்றிலும் வரப்பும் உயிர்வேலியும் இருந்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும்.

காடு வேண்டாம், வரப்பு போதும்

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் நிலத்தைக் காடாக்க முடியாது. நம் முன்னோர் அப்படிச் செய்யவும் இல்லை. வரப்பில் பனை, கிணற்றடியில் புங்கன், வீட்டோரம் பூவரசு, களத்துமேட்டில் வேம்பு, கோயில் தோப்பில் இலுப்பை, வேலியில் கிளுவை, நொச்சி, களா. பயிர் நடுவில், மரம் ஓரத்தில். புங்கன், பூவரசு, வேம்பு, கொளுஞ்சி, எருக்கு ஆகியவற்றின் தழை வெட்டி வயலில் மிதித்தார்கள். உரக்கடைக்குப் போக வேண்டிய செலவில் ஒரு பங்கு வரப்பிலேயே முளைத்தது. இதற்கு இன்று வேளாண் காடு வளர்ப்பு என்று பெயர்.

நம்மைவிட மழை குறைந்த இடத்திலும் இந்த முறை நின்றிருக்கிறது. காங்கேயம் வட்டாரத்தில் மழை, புதுச்சேரி மழையில் ஏறக்குறைய பாதிதான். அங்கே உள்ள கொறங்காட்டில் சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் மேய்ந்த மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி, மேய்ந்த இடத்தில் புல் திரும்ப வளர அவகாசம் கொடுப்பார்கள். வெள்வேல நெற்று கோடையில் ஆட்டுக்குத் தீவனம். காங்கேயம் மாடு இந்தக் கொறங்காட்டில் வளர்ந்த இனம்.

ஆப்பிரிக்காவில் நைஜர் நாடு இன்னும் வறண்டது. அங்கே கன்று நட்டு நட்டுத் தோற்றபின், 1983 வாக்கில் மராடி பகுதியில் வேறு வழியைப் பிடித்தார்கள். வயலில் வெட்டுப்பட்டுக் கிடந்த அடித்தூர்களில் துளிர்க்கும் கிளைகளில் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கழித்து, காவல் காத்தார்கள். நாற்றும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. இந்த முறையில் 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு விளைநிலங்களில் மரங்கள் திரும்பியதாக மதிப்பிடப்படுகிறது. நம் வரப்புகளிலும் உழவில் ஆண்டுதோறும் வெட்டுப்படும் வேம்பு, உசில், வெள்வேல் தூர்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை வெட்டாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மாத வாரியாகச் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசி: கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். மட்டம் பார்க்க ஏழு அடிக் கழிகள் இரண்டை ‘ஏ’ வடிவில் கட்டி, குறுக்குக் கழி ஒன்று வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் கழியைத் தொடும் இடத்தைக் குறித்து, இரு கால்களையும் இடம் மாற்றி வைத்து மீண்டும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் கோடு போடுங்கள். நூல் அந்தக் கோட்டில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். அந்த மட்டத்திலேயே ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கு வரப்பு எழுப்பலாம். தாழ்ந்த மூலையில் கல் பதித்த வடிகால் கட்டாயம். அது இல்லாத வரப்பு பெருமழையில் உடைந்து, இருந்ததைவிடப் பெரிய பள்ளத்தை உண்டாக்கும்.

ஆனி, ஆடி: வேப்பம் பழமும் நாவல் பழமும் உதிரும் காலம். இரண்டின் விதையும் சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும். சேகரித்த சில நாட்களிலேயே விதைப்பது நல்லது. வாங்கிவைத்து அடுத்த ஆண்டு விதைத்தால் முளைக்காது.

ஆவணி, புரட்டாசி: பனங்கொட்டையை நேரடியாக வரப்பின் வெளிச்சரிவில் 10 அடிக்கு ஒன்றாக ஊன்றலாம். சதுரமான ஒரு ஏக்கரின் நான்கு வரப்பும் சேர்ந்து சுமார் 830 அடி. ஏறத்தாழ 80 பனை வைக்கலாம். பனையின் நிழல் குறைவு; நார்வேர் வரப்பை இறுக்கிப் பிடிக்கும். நுங்குக்கு 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே ஊன்றிவிட வேண்டும்.

ஐப்பசி: நல்ல மழை இரண்டு பெய்து மண் ஓர் அடி ஆழம் நனைந்த பிறகு கன்று நடவு. ஒன்றரை அடிக் குழி, மேல்மண்ணோடு தொழு உரம். புங்கன், பூவரசு, நாவல், வேம்பு, மகிழம் என்று கலந்து நடுங்கள். உயரம் குறைந்த வலுவான கன்று, பையில் வேர் சுருண்ட நெட்டைக் கன்றைவிட நன்றாகப் பிழைக்கும்.

மார்கழி, தை: மழை விடுவதற்கு முன்பே கன்றைச் சுற்றிச் சருகு, மணிலாக் கொடி, வைக்கோல் என்று மூடாக்குப் போட வேண்டும். அதன்பின் மூன்று கோடை ஆட்டிடமிருந்து காப்பாற்றினால் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

சீமைக் கருவேலத்தை ‘வேகமாக வளரும் மரம்’ என்று வேலிக்கு விடக் கூடாது. பிறகு அதைக் கொல்லையிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாடு.

விவசாயிகளின் மூன்று தயக்கங்கள்

நிழல் விழுந்து மகசூல் குறையுமே என்பது முதல் தயக்கம். நியாயமானது. ஐப்பசி முதல் மாசி வரை நம் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். நிழல் வடக்கே விழும். எனவே உயரமான மரங்களை வடக்கு வரப்பிலும், கோடைக் காற்றைத் தடுக்க மேற்கு வரப்பிலும் வைக்கலாம். தெற்கு வரப்புக்குப் பனையும் குட்டையான உயிர்வேலியும் போதும். வடக்குப் பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் நிழலும் குறையும், தழையும் கிடைக்கும்.

அதுவரை வருமானம் என்ன என்பது இரண்டாவது. வரப்பு ஓரத்தில் துவரை, அகத்தி, முருங்கை முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே பலன் தரும். சரளை மண்ணுக்குச் சீத்தாவும் நெல்லியும் ஏற்றவை. சீத்தா இலையை ஆடு கடிக்காது என்பது கூடுதல் வசதி. நடுவில் மணிலா, கேழ்வரகு, உளுந்து வழக்கம்போல நடக்கும்.

மூன்றாவதுதான் கடினமானது. நிலம் குத்தகை என்றால் யார் மரம் வைப்பார்கள்? உழுபவர் நட்டுக் காப்பாற்ற, 15 ஆண்டு கழித்து உரிமையாளர் வெட்டிக்கொள்வார் என்றால் கன்று பிழைக்காது. நைஜரிலும் இதுதான் நடந்தது. மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற சட்டம் கண்டிப்பாக இருந்தவரை உழவர்கள் துளிரைக்கூட விடவில்லை. வளர்த்தவருக்கே பலன் என்ற நிலை வந்த பிறகுதான் மரங்கள் பெருகின. இங்கும் குத்தகை பேசும்போதே வரப்பு மரத்தின் தழை, காய், கட்டை ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக்கொள்ளலாம். விரிவாக்கப் பணியாளர்கள் கன்று வழங்கும்போதே இந்தப் பேச்சையும் எடுத்தால், கொடுத்த கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு மாறும். வெட்டும் அனுமதி விதிகள் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஒன்றல்ல. தமிழகத்தில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. எல்லையோர நிலத்துக்காரர்கள் தங்கள் பகுதி வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே கேட்பது?

புதுச்சேரி விவசாயிகள் தங்கள் பகுதி உழவர் உதவியகத்தையும், குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். தமிழகப் பகுதியில் இருப்பவர்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் வனத்துறை நாற்றங்காலிலும் கேட்கலாம். கன்று கேட்டுப் போவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மழையன்று குடையோடு கொல்லைக்குப் போய், தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். முதல் வரப்பு போட வேண்டிய இடம் அதுதான்.